காலை வெயில் மட்டும் விழும் தாழ்வாரத்தில் மல்லிகையா, காகிதப்பூவா?

கேள்வி: சிங்கப்பூரின் ஈசூனில் ஒன்பதாவது மாடி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் குடியிருக்கிறோம். வாசலுக்கு எதிரே தாழ்வாரத்தில் காலை 7.30 மணி முதல் 11 மணி வரை வெயில் விழுகிறது. இருவரும் வேலைக்குச் செல்வதால் காலையில் ஒருமுறைதான் தண்ணீர் ஊற்ற முடியும். ஒரு தொட்டிக்குத்தான் இடம். பராமரிப்பே தேவைப்படாத காகிதப்பூவை வைக்கச் சொல்கிறார்கள் அண்டைவீட்டார். எனக்கோ சாமிக்கு வைக்க மல்லிகை வேண்டும் என்று ஆசை. எது பொருந்தும்?
– வாசகி, ஈசூன்

பதில்: மல்லிகையே வையுங்கள். காகிதப்பூவுக்குத் தண்ணீர் குறைவாகப் போதும் என்பது உண்மைதான். ஆனால் தண்ணீரில் விட்டுக்கொடுக்கும் அந்தச் செடி வெயிலில் விட்டுக்கொடுப்பதில்லை. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆறு மணி நேரம் நேரடி வெயில் பட்டால்தான் அது நன்றாகப் பூக்கும். நம் பாதசாரி மேம்பாலங்களின் ஓரங்களில் அது பொங்கி வழிவதற்குக் காரணம், அங்கே நாள் முழுவதும் கிடைக்கும் திறந்தவெளி வெயில்தான். மேலும், மண் சற்றுக் காய்ந்த பிறகே பூப்பிடிக்கும் இயல்புடைய அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்றினால், உங்கள் தாழ்வாரத்தில் இலையும் முள்ளும்தான் மிஞ்சும். குழந்தைகள் ஓடும் இடத்தில் அந்த முள்ளையும் நான் விரும்பமாட்டேன்.

மல்லிகைக்கு உங்கள் மூன்றரை மணி நேர வெயில், தாராளமில்லை என்றாலும், போதும். வேர் நிறைந்த சிறு தொட்டி உச்சிப்பொழுதுக்குள் காய்ந்து மொட்டுகள் உதிர்ந்துவிடும் என்பதால், அடியில் துளையுள்ள சற்றுப் பெரிய தொட்டியாக வாங்கி, தண்ணீர் அடித்துளை வழியே வெளியேறும் வரை காலையில் நிதானமாக ஊற்றுங்கள்.

பலரும் தவறவிடுவது கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது. மல்லிகை புதுத் தளிர்களின் நுனியில்தான் அரும்பு விடும். பூத்து ஓய்ந்த கிளையை அப்படியே விட்டால் கொடி நீளுமே தவிரப் பூ பெருகாது. கடைசிப் பூ உதிர்ந்ததும் அந்தக் கிளையை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, ஓர் இலைச்சோடிக்குச் சற்று மேலே வெட்டுங்கள்; அந்த இலைகளின் கக்கத்திலிருந்து இரண்டு தளிர்கள் கிளம்பி, நுனிக்கு நுனி மொட்டுக் கட்டும். தழைச்சத்து மிகுந்த உரம் இலையைத்தான் கொழுக்கச் செய்யும் என்பதால், பூச்செடிக்கென விற்கும் உரத்தை அளவோடு இடுங்கள். பருத்து வெளுத்த மொட்டுகளை மாலையில் பறித்து வைத்தால், விளக்கேற்றும் நேரத்தில் விரியத் தொடங்கும்.

இலையில் வெளிறிய புள்ளிகள் தென்பட்டால் செம்பேன் பிடித்திருக்கலாம். இலைகளின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். தொட்டியைக் கைப்பிடிச் சுவரின் மேல் ஒருபோதும் வைக்காதீர்கள், தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட்டுத் தரையில் வையுங்கள். அடித்தட்டில் தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும் என்பதால், தண்ணீர் ஊற்றிய கையோடு அதைக் கொட்டிவிடுங்கள். தட்டே இல்லாமல் வைக்க முடிந்தால் இன்னும் நல்லது.