பேசினால் கேட்கிறது, பாடினால் அறுந்து போகிறது: மைக் கோளாறா?

கேள்வி: நங்கநல்லூரில் வீட்டிலிருந்தே ஜூமில் வாய்ப்பாட்டு சொல்லித் தருகிறேன். பிள்ளைகள் பெரும்பாலும் அமெரிக்காவில். பழைய டெஸ்க்டாப் போய் இப்போது புது லேப்டாப், ஹெட்செட் மட்டும் பழையது. அதில் பச்சை, ரோஸ் என்று இரண்டு பின். லேப்டாப்பில் ஒரே ஓட்டை. பச்சையை மட்டும் செருகியிருக்கிறேன். பேசினால் கேட்கிறதாம், பாடினால் விட்டு விட்டு வருகிறதாம், சுருதிப்பெட்டி சத்தம் போவதே இல்லையாம். டெஸ்க்டாப்பில் இவ்வளவு மோசமில்லை. அடியில் 'ங்ங்ங்' என்று ஓர் இரைச்சல் வேறு. ரிச்சி தெருவுக்குப் போய் நல்ல மைக்காக ஒன்று வாங்கிவிடலாமா?

இப்போதைக்கு வாங்காதீர்கள். பாதி பதில் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. ரோஸ் பின்தான் மைக், பச்சை வெறும் காதுக்கு. வாய்க்கு முன்னால் வளைந்து நிற்கிறதே அந்தக் குச்சி, அது இத்தனை நாளாக சும்மா அலங்காரத்துக்குத்தான் இருந்திருக்கிறது. பிள்ளைகள் கேட்டதெல்லாம் லேப்டாப்பிலேயே ஊசிமுனை அளவு துளைக்குப் பின்னால் இருக்கும் மைக் வழியாக, இரண்டு அடி தள்ளி உட்கார்ந்து நீங்கள் பாடியது. தூரம் இரண்டு மடங்கானால் குரல் 6 டெசிபல் இறங்கும், ஃபேன் சத்தம் மட்டும் இறங்காது.

சந்தேகமிருந்தால் ஒரு சின்ன சோதனை. விண்டோஸ் 11 என்றால் 'சவுண்ட் ரெக்கார்டர்' என்று ஒன்று இருக்கும் (10-இல் அதன் பெயர் 'வாய்ஸ் ரெக்கார்டர்'). அதைத் திறந்து பதிவு போட்டுவிட்டு, ஹெட்செட் மைக்கை நகத்தால் மூன்று தட்டு, லேப்டாப் விளிம்பை மூன்று தட்டு தட்டுங்கள். திரும்பப் போட்டுக் கேட்டால் எது 'டொக் டொக்' என்று காதை அடைக்கிறதோ அதுதான் உயிரோடு இருக்கும் மைக். அப்படியே சுருதியும் போட்டு கீழ் ஸட்ஜத்தில் ('ஸ') இருபது விநாடி கார்வை (ஆடாமல் ஒரே ஸ்வரத்தில் நீட்டி நிற்பது) பிடித்துப் பதிவு செய்துகொள்ளுங்கள், இது பிறகு வேண்டும்.

இரண்டு பின்னையும் ஒரே ஓட்டையில் போட ஒரு சின்ன ஒயர் கிடைக்கிறது, சில நூறு ரூபாய்க்கு மேல் போகாது. ஆனால் கடையில் "ஹெட்செட் ஸ்ப்ளிட்டர்" என்று மட்டும் கேட்டால் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் மூன்று சாமான்களில் எது வேண்டுமானாலும் கைக்கு வரும். ஒன்று, இரண்டு பேர் ஒரே பாட்டைக் கேட்பதற்கு. இன்னொன்று, போன் ஹெட்செட்டை டெஸ்க்டாப்பில் போடுவதற்கு, அது நமக்கு நேர் தலைகீழ். நானே ஒரு தடவை தப்பானதை வாங்கி வந்து அரைநாள் கணினியின் டிரைவர் மென்பொருளைத் திட்டிக்கொண்டிருந்தேன். உங்களுக்கு வேண்டியதில் ஒரு பக்கம் இரண்டு துளை இருக்கும், பக்கத்தில் மைக் படமும் ஹெட்போன் படமும் போட்டிருக்கும். மறுபக்கம் ஒரே பின், அந்தப் பின்னில் கறுப்பு வளையம் மூன்று. வளையம் இரண்டுதான் என்றால் அதில் மைக்குக்கு வழியே கிடையாது.

அதைச் செருகியதும் "என்ன செருகினீர்கள்?" என்று கணினி கேட்டால் ஹெட்செட் என்று சொல்லுங்கள், ஹெட்போன் என்று சொல்லிவிடாதீர்கள். அப்புறம் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட், இன்புட் என்று போய் ஹெட்செட் மைக்கைத் தேர்வு செய்யுங்கள், ஜூமுக்குள்ளும் அதே பெயரைத் தேர்வு செய்யுங்கள்.

சரி, இத்தனையும் செய்த பிறகும் கார்வை அறுபடும். ஏனென்றால் அதை அறுப்பது மைக் இல்லை, ஜூம். முன்பு பதிவு செய்த ஸட்ஜத்தைப் போட்டுக் கேளுங்கள், அதில் குரல் முழுசாக இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இந்த மாதிரி செயலிகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. பேச்சு ஏறும், இறங்கும், நடுவில் நிற்கும். ஏறாமல் இறங்காமல் ஒரே மாதிரி வந்துகொண்டிருப்பதை ஃபேன், ஏசி வகையறா என்று முடிவுகட்டி அழித்துவிடும். தம்புரா என்ன செய்கிறது? அதேதான். நாம் எதைச் சுருதிசுத்தம் என்று சொல்லிக் கொண்டாடுகிறோமோ அதுதான் ஜூம் காதுக்கு மோட்டார் ஓடுகிற சத்தம். ஸ்வரம் கமகத்தோடு அசைந்து ஆடிக்கொண்டிருக்கும் வரை தப்பித்துவிடும், ஆடாமல் நின்றால் மாட்டிக்கொள்ளும்.

இதற்கு மருந்தும் ஜூமிலேயே இருக்கிறது. ஆடியோ செட்டிங்ஸில் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்பதைத் தேர்வு செய்யுங்கள். அதற்கடியில் ஹை ஃபிடெலிட்டி மியூசிக் மோடுக்கு டிக் போடுங்கள், எக்கோ கேன்சலேஷனில் டிக்கை எடுத்துவிடுங்கள் (காதில் ஹெட்செட் இருப்பதால் எதிரொலி வராது), ஸ்டீரியோ வேண்டாம். அதே பக்கத்தில் மைக் ஒலியளவைத் தானாகச் சரிசெய்யும் டிக் ஒன்று இருக்கும், அதையும் எடுங்கள். இல்லாவிட்டால் மேல் ஸ்தாயியில் அமுக்கிவிட்டு மந்தரத்தில் (கீழ் ஸ்தாயி) தூக்கிவிடும், எது மெல்லப் பாடியது எது ஓங்கிப் பாடியது என்றே பிள்ளைக்குத் தெரியாது. வகுப்பு தொடங்கியதும் திரையின் மேல் பக்கம் 'ஒரிஜினல் சவுண்ட்' பொத்தான் ஆன் என்று காட்டுகிறதா என்று ஒரு பார்வை பாருங்கள், பல பேர் கோட்டை விடுவது இங்கேதான். விண்டோஸ் சவுண்ட் பக்கத்திலும் மைக்கின் பெயரைத் தொட்டால் 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' வரும், அதை ஆஃப் செய்யுங்கள். லேப்டாப்போடு கூடவே இரைச்சல் நீக்கும் செயலி ஏதாவது வந்திருந்தால் அதையும்தான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், இதைப் போட்டால் உங்கள் வீட்டுச் சத்தம் அத்தனையும் அமெரிக்காவுக்குப் போகும். குக்கர் விசில், கீரைக்காரம்மா, மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம், எல்லாம். கத்திரி வெயிலில் ஃபேனை நிறுத்துங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை, அதற்கு நேர் கீழே உட்காராமல் சுவர்ப்பக்கம் தள்ளி உட்காருங்கள், அது போதும்.

அந்த 'ங்ங்ங்' பெரும்பாலும் கரண்ட் சத்தம், நம் ஊர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு இரண்டு நிமிஷம் பதிவு செய்யுங்கள். சத்தம் போய்விட்டால் அது வந்த வழி சார்ஜர்தான், பிளக் பாயிண்டில் எர்த் சரியில்லாமல் இருக்கலாம், பழைய வீடுகளில் இது சகஜம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாவது முள்ளை ஒதுக்கிவிட்டு இரண்டு முள் அடாப்டரில் செருகும் வேலை வேண்டவே வேண்டாம், ஷாக் அடிக்கும். அதுவரைக்கும் முழு சார்ஜ் ஏற்றி பேட்டரியிலேயே வகுப்பை நடத்துங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் சத்தம் கூடுகிறது என்றால் அது ஸ்கொயர் வேவ் (மின்னலை வளைவாக இல்லாமல் சதுரமாக வரும்) இன்வெர்ட்டராக இருக்கும். ஃபேனும் கூடவே உறுமும், கவனித்துப் பாருங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு மைக் வாங்கியே தீர வேண்டுமென்றால் யூஎஸ்பி மைக் வாங்குங்கள். ஸ்டுடியோ மைக் என்று தடியாக ஒன்றைக் காட்டுவார்கள், அந்தக் கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் வேண்டும், லேப்டாப் ஓட்டையில் அது வராது. ப்ளூடூத்தும் வேண்டாம். அதில் மைக் ஓடத் தொடங்கியதும் ஒலி பழைய டெலிபோன் தரத்துக்குப் போய்விடும்.

சுருதி விஷயத்தில் என் யோசனை வேறு. அதை அனுப்பவே அனுப்பாதீர்கள். ஒலி போய்ச் சேரத் தாமதமாகும், பிள்ளை உங்கள் சுருதிக்குப் பாடி அது திரும்பி வருவதற்குள் இங்கே வேறு ஸ்வரம் ஓடும். அவரவர் வீட்டில் அதே கட்டையில் (சுருதி அளவில்) ஒரு தம்புரா செயலி போட்டுக்கொள்ளட்டும். ஒரிஜினல் சவுண்டை அந்தப் பக்கமும் ஆன் செய்யச் சொல்லுங்கள், அவர்கள் குரலையும் இதே ஜூம்தான் வெட்டிக்கொண்டிருக்கிறது. இத்தனை நாள் மூச்சு நிற்கவில்லை என்று யாரையாவது திட்டியிருந்தீர்களானால், அந்தப் பிள்ளையை இன்னொரு தடவை பாடச் சொல்லிக் கேளுங்கள்.