வழக்கும் வன்மமும்

அன்புள்ள ஐயா,

தந்தையின் மறைவுக்குப் பின், பூர்வீக நிலத்தில் எனக்குரிய பங்கைப் பிரித்துத் தராமல் என் அண்ணன் இழுத்தடிக்கிறார். பாகப்பிரிவினை வழக்கு வாய்தா மேல் வாய்தாவாகப் போகிறது. விடியற்காலையில் ஜபத்துக்கு உட்கார்ந்தால் மந்திரத்துக்கு முன்னால் அவருடைய முகம் வந்து நிற்கிறது. சொற்பொழிவுகளில் கோபத்தை விட்டுவிடச் சொல்கிறார்கள். அது அநீதிக்குப் பணிந்து போவதாகாதா? மன அமைதி வேண்டுமென்றால் வழக்கைத் திரும்பப் பெற்றுவிட வேண்டுமா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

இதே கேள்வியைத் திரௌபதி கேட்டிருக்கிறாள். மகாபாரதத்தின் வனபர்வத்தில், நாடிழந்து காட்டில் இருக்கும் தருமனிடம், என்னையும் உன் தம்பியரையும் இந்த நிலையில் பார்த்தும் உனக்குக் கோபம் வரவில்லையா என்று அவள் கேட்கிறாள். பிரகலாதன் தன் பேரன் மகாபலிக்குச் சொன்ன அறிவுரையையும் துணைக்கு அழைக்கிறாள்: எப்போதும் சீறுவதும் நன்மையன்று, எப்போதும் பொறுப்பதும் நன்மையன்று. எதற்கும் பொறுத்துப் போகிறவனை அவனுடைய வேலையாட்களே மதிக்க மாட்டார்கள், அவன் உடைமைகளையும் எடுத்துக்கொள்வார்கள் என்று பிரகலாதன் விரிவாகவே சொல்கிறான். முன்பு உதவி செய்தவனின் பிழை, அறியாமல் செய்த பிழை, முதல் முறை செய்த பிழை ஆகியவை பொறுக்கத்தக்கவை. தெரிந்தே செய்துவிட்டுத் தெரியாது என்பவனை விடக்கூடாது. பொறுமையைப் போற்றும் மரபுதான் இதையும் காவியத்துக்குள் வைத்திருக்கிறது என்பதைச் சொற்பொழிவுகளில் அதிகம் கேட்க முடிவதில்லை.

தருமனின் மறுமொழியோ வேறு தளத்தில் இருக்கிறது. சினம் கொண்டவனுக்கு எதைச் சொல்லலாம், எதைச் செய்யலாம் என்பது தெரியாது. கொல்லத் தகாதவனையும் அவன் கொன்றுவிடுவான். எழுந்த சினத்தை அறிவால் அடக்குகிறவனையே அறிந்தோர் ஆற்றல் உள்ளவன் என்பார்கள் என்கிறான். ஆனால் இவ்வாறு பேசிய அதே தருமன், வனவாசமும் அஞ்ஞாதவாசமும் முடிந்த பிறகு தன் பங்கை விட்டுக்கொடுத்துவிடவில்லை. ஐந்து ஊர்களாவது தந்தால் போதும் என்று இறங்கி வந்தான். அதுவும் மறுக்கப்பட்டபோது போருக்கு நின்றான். சினத்தை விடுவதும் உரிமையை விடுவதும் அவனுக்கு ஒன்றாகத் தோன்றவில்லை. கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் கிருஷ்ணன் அர்ஜுனனிடம் கேட்பதும், மனத்தின் காய்ச்சல் நீங்கிப் போர் செய் என்பதுதான்.

அப்படியானால் அந்தக் காய்ச்சலை எங்கே பிடிப்பது? இரண்டாம் அத்தியாயத்தின் 62, 63ஆம் சுலோகங்கள் பெரும்பாலும் கோபத்திலிருந்து தொடங்கி மேற்கோள் காட்டப்படுகின்றன. கோபத்தால் மயக்கம், மயக்கத்தால் நினைவுத் தடுமாற்றம், அதனால் புத்தியின் அழிவு என்று. உண்மையில் அந்த வரிசையில் கோபம் நான்காவதாகத்தான் வருகிறது. ஒன்றையே மனம் நினைத்துக்கொண்டிருப்பது முதலாவது. அதிலிருந்து பற்று, பற்றிலிருந்து ஆசை, அந்த ஆசை தடைபடும்போது கோபம். அண்ணன் முகம் ஒரு கணம் தோன்றுவது உங்கள் கையில் இல்லை. அதன்பின் அவர் அன்று சொன்ன சொல், நீங்கள் சொல்லாமல் விட்ட பதில், அடுத்த வாய்தாவில் அவரை எப்படித் தலைகுனிய வைக்கலாம் என்று மனம் நடத்துகிறதே ஒரு முழு விசாரணை, அதற்கு நீதிபதியும் நீங்களே, சாட்சியும் நீங்களே. தடுக்க வேண்டிய இடம் அது. திடீரென்று பொங்கி வரும் வேகத்தைப் பற்றி ஐந்தாம் அத்தியாயம், அதைத் தாங்கிக்கொள்ள வல்லவனே யோகி, அவனே சுகமுள்ளவன் என்கிறது. அந்த வேகமே எழாதவன் என்று சொல்லவில்லை.

யோக சூத்திரங்களை இயற்றிய பதஞ்சலி இன்னும் நடைமுறையானவர். தீய எண்ணம் தொல்லை தரும்போது அதற்கு எதிரானதைப் பாவிக்கச் சொல்லும் சூத்திரத்தை, பிடிக்காதவர் மீது அன்பாக இருப்பதுபோல் கற்பனை செய்வது என்று பலர் எளிமைப்படுத்திவிட்டார்கள். அடுத்த சூத்திரமே அதை விளக்குகிறது. பிறருக்குத் தீங்கு நினைப்பதன் பலன் முடிவற்ற துன்பமும் அறியாமையும்தான் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தத் தீங்கும் தானே செய்தது, பிறரைக் கொண்டு செய்வித்தது, பிறர் செய்ததை உள்ளூர ஆமோதித்தது என மூவகைப்படும். மூன்றாவதே உங்களைப் போன்ற நல்லவர்களின் இடர் என்று நினைக்கிறேன். அண்ணனின் வியாபாரம் நொடிந்தது என்று யாரோ சொல்லும்போது நாக்கில் ஊறும் சிறு இனிப்பு அது, குற்றமாகவே தோன்றாது.

அவரை நேசிக்க முடியவில்லையே என்று வருந்தவும் தேவையில்லை. இன்புற்றிருப்போரிடம் நட்பு, துன்புறுவோரிடம் கருணை, அறவழி நிற்போரிடம் மகிழ்ச்சி என்று வகுத்த பதஞ்சலி, அறம் பிறழ்ந்தவர்களிடம் கேட்பது உபேட்சை மட்டுமே. அவரைப் பற்றிய கணக்கை மனத்தில் எழுதாமல் இருப்பது அது. அண்ணனே நோயுற்றுக் கிடந்தால் அவர் கருணைக்குரியவர்களின் வரிசைக்கு வந்துவிடுவார். அப்போது போய்ப் பாருங்கள், வழக்கைப் பற்றிப் பேச வேண்டாம்.

ஆகவே வழக்கைத் திரும்பப் பெற வேண்டியதில்லை. பத்திரங்களையும் பட்டா விவரங்களையும் வழக்கறிஞரோடு உட்கார்ந்து பார்க்க வேண்டிய நாளில் முழுக் கவனத்தோடு பாருங்கள். உரிய தொகைக்குச் சமரசம் வந்தால் பரிசீலியுங்கள். உறவினர் வீட்டு விசேஷங்களில் இந்தக் கதையை மறுபடியும் சொல்வதை மட்டும் நிறுத்திவிடுங்கள், ஏனெனில் ஒவ்வொரு முறை சொல்லும்போதும், ஒன்றையே நினைத்துக்கொண்டிருத்தல் என்ற அந்த முதல் படியில் நீங்களே ஏறுகிறீர்கள். மாதக்கணக்கில் தூக்கமே கெட்டிருந்தால் மருத்துவரையும் பார்த்துவிடுங்கள். ஜபம் அதற்கு மாற்றன்று.

ஜபத்தின்போது அந்த முகம் வந்தால் எழுந்துவிட வேண்டாம், அதை விரட்டவும் வேண்டாம். மனம் எங்கெல்லாம் ஓடுகிறதோ அங்கிருந்தெல்லாம் அதை மீட்டுக்கொண்டு வா என்பதே கீதையின் ஆறாம் அத்தியாயம் காட்டும் வழி. காற்றைப் பிடிப்பதைப்போல இது கடினம் என்று அர்ஜுனன் முறையிட்டபோது கிருஷ்ணன் அதை மறுக்கவில்லை. ஐயமின்றிக் கடினம்தான் என்று ஒப்புக்கொண்ட பிறகே பயிற்சியையும் பற்றின்மையையும் பற்றிப் பேசினான். ஆகவே ஜபமாலையை ஒரு சுற்று உருட்டி முடிப்பதற்குள் இருபது முறை அவரிடம் போய் இருபது முறை திரும்பி வந்தீர்கள் என்றால், அன்றைய ஜபம் நடந்திருக்கிறது என்றே கொள்ளுங்கள்.

அன்புடன்.