வாஸ்ப் ஆர்-1340: 1, 9ஆம் சிலிண்டர்கள் மட்டும் சூடேறுவது பற்றி

உங்கள் வாஸ்ப் விமான இன்ஜினில் (9 சிலிண்டர்கள் வட்டமாக அமைந்தது) இந்த இரண்டு மட்டும் சூடேறுவதால், பெட்ரோல் குறைவு என்று கார்புரேட்டர் ஜெட்டை மாற்றிப் பார்க்கிறீர்கள். சிலிண்டர் ஹெட் சூட்டை மட்டும் வைத்து அப்படி முடிவு கட்டாதீர்கள். குளிர்காற்றை சிலிண்டர் மேல் திருப்பும் பேஃபிள் தகடு விலகியிருந்தாலும் இப்படித்தான் சூடேறும். ஜெட்டை (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளை) மாற்றுவதையும் நிறுத்துங்கள். கார்புரேட்டர் சூப்பர்சார்ஜருக்கு (கலவையை அழுத்தி அனுப்பும் விசிறி) முன்னால் இருப்பதால், பெட்ரோல் 9 சிலிண்டருக்கும் சேர்த்தே கூடும்.

ஒவ்வொரு எக்ஸாஸ்ட் போர்ட்டிலும் ஒரே தூரத்தில், புகையெல்லாம் ஒன்றுசேரும் கலெக்டருக்கு முன்பே, கே வகை தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும் உணரி) வையுங்கள். குரூஸ் பவரில் த்ராட்டிலைத் தொடாமல் மிக்சரை மெல்ல லீன் செய்து (கலவையில் பெட்ரோலைக் குறைத்து), ஒவ்வொன்றும் உச்ச வெப்பம் தொடும்போது ஃப்யூயல் ஃப்ளோவைக் குறியுங்கள். முதலில் உச்சம் தொடுவதே லீன் சிலிண்டர். டிகிரி எவ்வளவு என்பது முக்கியமில்லை. டேக்-ஆஃப் பூஸ்டில் இதைச் செய்யவே கூடாது, டெட்டனேஷன் (கலவை சீராக எரியாமல் வெடிப்பது) பிஸ்டனைத் தின்றுவிடும்.

ஐடிலில் மட்டும் லீன் என்றால் இன்டேக் பைப் பேக்கிங்கில் (கசிவைத் தடுக்கும் வளையம்) காற்று புகுகிறது. அந்த பேக்கிங்கை இறுக்கும் கிளாண்ட் நட்டைச் சுற்றி பெட்ரோல் கசிந்த நீலக் கறை தெரிகிறதா பாருங்கள்.