வெள்ளியில் ஒட்டினால்தான் தெரியும்: ராமன் ஒளி பற்றிச் சில கேள்விகள்

ஒரு பொருளின் மேல் லேசர் அடித்து, சிதறி வரும் ஒளியை வைத்து அது என்னவென்று சொல்லும் ராமன் கருவியோடு பல வருடம் மல்லுக்கட்டியவன் என்பதால், கடலூர், புதுச்சேரிப் பக்கத்து நண்பர்களின் கேள்விகளை என் தலையில் கட்டிவிட்டார்கள். முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

முதுநகரிலிருந்து ஒருவர்: மீனில் ஃபார்மலின் இருக்கிறதா என்று லேசர் அடித்தே சொல்லிவிடலாமாமே சார், நிஜமா?

வெறும் லேசர் போதாது. மூலக்கூறின் மேல் விழும் ஒளித்துகள்களில் கோடிக்கு ஒன்று என்ற கணக்கில்தான் நிறம் மாறிச் சிதறும். அந்த ஒன்றில்தான் அது என்ன மூலக்கூறு என்ற அடையாளம் இருக்கிறது. மூலக்கூறை வெள்ளி அல்லது தங்க நுண்துகளின் மேல் உட்காரவைத்தால் அந்தச் சைகை (சிக்னல்) லட்சம் மடங்குக்கு மேல் பெருகும். இதைத்தான் செர்ஸ் (SERS), அதாவது உலோகப் பரப்பால் பெருகும் ராமன் சிதறல் என்கிறோம்.

ஆனால் ஃபார்மலினில் இருக்கும் ஃபார்மால்டிஹைடு இதற்கு ஏற்ற ஆள் இல்லை. குட்டி மூலக்கூறு, வெள்ளியைச் சரியாகப் பிடிக்காது. வேறொரு பொருளோடு வினைபுரியவைத்து, அதில் வருவதைத்தான் அளக்க வேண்டும். மீன் சந்தைக்கு அதெல்லாம் எதற்கு? கொச்சி மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் உருவாக்கிய, நிறம் மாறும் காகிதமே போதும். வளர்ப்பு மீனுக்குப் பூஞ்சை வராமல் கள்ளத்தனமாகப் போடும் மாலகைட் பச்சை என்ற சாயம் இருக்கிறதே, அதைப் பிடிக்க செர்ஸ் அருமையான வழி.

புதுச்சேரி பி.எஸ்சி மாணவி: வெள்ளிக்கு அப்படி என்ன விசேஷம் சார்?

நல்ல கேள்விம்மா. 1974இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் வேதியியலாளர் ஃப்ளைஷ்மன் குழு, சொரசொரப்பாக்கிய வெள்ளி மின்வாயில் பிரிடின் என்ற கரிமச் சேர்மத்தை வைத்துப் பார்த்தபோது சைகை பலமாக வந்தது. சொரசொரப்பால் பரப்பு கூடி, நிறைய மூலக்கூறு ஒட்டியதால்தான் என்று நினைத்தார்கள். 1977இல் அமெரிக்க வேதியியலாளர் வான் டைன் தரப்பு கணக்குப் போட்டுப் பார்த்தது. பரப்பு கூடியதை வைத்து விளக்கவே முடியாது, பெருக்கம் அவ்வளவு பெரியது. அதே வருடம் ஆல்பிரெக்ட், கிரெய்டன் இருவரும் இதையே தனியாகச் சொன்னார்கள்.

ஒளி படும்போது வெள்ளித் துகளின் எலக்ட்ரான்கள் மொத்தமாக, குடத்துத் தண்ணீர் போல அலம்புகின்றன. துகளை ஒட்டி மின்புலம் எகிறுகிறது. சைகை அந்தப் புலத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். புலம் 10 மடங்கானால் சைகை 10,000 மடங்கு. இரண்டு துகளுக்கு நடுவே ஒன்றிரண்டு நானோமீட்டர் இடுக்கு இருந்தால் கொண்டாட்டம்தான். தங்கமும் இதைச் செய்யும், ஆனால் சிவப்பு லேசர் வேண்டும்.

பண்ருட்டி விவசாயி: காய்க்கு அடித்த மருந்து மிச்சம் தெரியுமா தம்பி?

மருந்தைப் பொறுத்தது ஐயா. திராம் என்ற பூஞ்சைக்கொல்லியில் கந்தகம் இருக்கிறது. வெள்ளிக் கொலுசு கறுப்பதும் கந்தகத்தால்தானே, அந்த ஒட்டுறவுதான் இங்கேயும் உதவுகிறது. பழத்தோலை ஒற்றி எடுத்து வைத்தாலே, கருவி வரையும் கோட்டில் திராமின் அடையாளமான முகடு எழும்பும். வெள்ளியில் ஒட்டாத மருந்து எவ்வளவு இருந்தாலும் கண்ணில் படாது. முந்திரிப் பருப்பில் இன்னொரு தொல்லை, எண்ணெய்ப் பசை துகளை மூடிவிடும். முதலில் அதைப் பிரித்தாக வேண்டும். ஏற்றுமதிச் சான்றுக்கு, மூலக்கூறின் நிறையை அளந்து அடையாளம் சொல்லும் நிறைமாலைக் கருவிதான் (மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்). இது வடிகட்ட மட்டும்.

தேவனாம்பட்டினத்திலிருந்து: கடல் தண்ணீரை அப்படியே சோதிக்கலாமா?

நானும் ஒரு தரம் அப்படித்தான் நினைத்தேன். சில்வர் பீச்சில் ஒரு பாட்டில் பிடித்து வந்து வெள்ளி நுண்துகள் மிதக்கும் கரைசலில் ஊற்றினேன். மஞ்சள் நிறம் சாம்பலானது, அப்புறம் தெளிந்துவிட்டது. அடியில் கறுப்புப் பொடி. சில்வர் பீச் தண்ணீரிலேயே சில்வர் மூழ்கிவிட்டது!

வெள்ளித் துகள்கள் எதிர்மின்னூட்டத்தால் ஒன்றையொன்று தள்ளி நிற்கின்றன. துளி உப்பு போட்டால் கொஞ்சம் நெருங்கி, நான் சொன்ன இடுக்குகள் உருவாகும், அது நல்லது. கடல் நீரிலோ லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு, எல்லாம் கட்டியாகிவிடும். அதனால் மாதிரியை நன்றாக நீர்க்க வைக்க வேண்டும், இல்லையென்றால் துகளைக் கண்ணாடி, காகிதம் என்று எதிலாவது நிலையாக ஒட்டிவைத்துப் பயன்படுத்த வேண்டும். ராமனே 1921 கப்பல் பயணத்தில் கடல் ஏன் நீலம் என்று யோசித்துத்தான் ஒளிச்சிதறலில் இறங்கினார். அந்தக் கடல் என்னை இப்படிப் பழிவாங்கிவிட்டது.

கல்லூரி ஆசிரியர்: வெள்ளித் துகள் கரைசலை நாமே செய்யலாமா?

தாராளமாக. 1982இல் லீ, மைசல் சொன்ன முறைதான்: 500 மில்லி தூய நீரில் 90 மில்லிகிராம் வெள்ளி நைட்ரேட், கொதித்ததும் 10 மில்லி ஒரு சதவீத சோடியம் சிட்ரேட், ஒரு மணி நேரக் கொதி. கையுறை போடுங்கள், விரல் கறுத்துப்போகும். ஒருநாள் செய்தது போல மறுநாள் வராது. அளவு சொல்லும் வேலைக்கு இதுதான் பெரிய தலைவலி. ஒவ்வொரு தொகுப்பையும் தெரிந்த மாதிரியில் சரிபார்த்த பிறகே தெரியாததைத் தொடுங்கள்.

சிப்காட் பக்கத்திலிருந்து: கிணற்று நீரில் பாதரசம் தெரியுமா?

நேராகத் தெரியாது. இது பிணைப்புகளின் அதிர்வைப் பார்க்கும் முறை. தனி அயனியில் அதிர என்ன இருக்கிறது? உலோகம் பார்க்கும் ஆய்வகத்துக்கே அனுப்புங்கள்.