லைஃப் வீட்டுக்கு நாயைக் கூட்டிப் போகலாமா?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் லைவ்ஸ்டாக் இன்ஸ்பெக்டராக (கால்நடை ஆய்வாளராக) வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, வீடில்லாதவர்களுக்கான கேரள அரசின் லைஃப் மிஷன் திட்டத்தில் ஃபிளாட் கிடைத்திருக்கிறது. ஆறு வருஷமாக வளர்க்கும் நாயைக் கொண்டுவரக் கூடாது என்கிறது அங்குள்ள குடியிருப்போர் சங்கம். எங்கே கொண்டுபோய் விடுவது?

பதில்: எங்கேயும் விடாதே தங்கச்சி. வளர்த்த பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். 2021இல் கேரள உயர் நீதிமன்றம், குடியிருப்போர் சங்கம் வளர்ப்புப் பிராணிகளை அடியோடு தடை செய்தால் அது செல்லாது என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதைக் குறிப்பிட்டுச் சங்கத்துக்கு எழுத்தில் கொடு. வீடு மாறிப் போனவர்கள் விட்டுவிட்டுப் போன நாய்கள் பழைய வாசலிலேயே சோறு தின்னாமல் படுத்துக் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். உன் நாய்க்கு அந்தக் கதி வேண்டாம்.

கேள்வி: சார், நான் சங்கச் செயலாளர். அப்போ நாங்கள் விதியே போடக் கூடாதா?

பதில்: தாராளமாகப் போடலாம், போடவும் வேண்டும். நியாயமான நிபந்தனைகளுக்கு அதே தீர்ப்பில் இடம் இருக்கிறது. நாய் வளர்க்கும் லைசென்ஸின் நகலும் ரேபிஸ் (வெறிநாய் நோய்) தடுப்பூசிச் சான்றும் சங்கத்தில் இருக்கட்டும். படியிலும் முற்றத்திலும் நாய் கயிற்றோடுதான் வரவேண்டும், கழிவை வளர்ப்பவரே அள்ள வேண்டும். ஆனால் 'பெரிய நாய் ஆகாது', 'லிஃப்டில் ஏறக் கூடாது' என்பதெல்லாம் இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் தந்த வழிகாட்டுதலுக்கு எதிரானவை. இன்னொன்றும் செய்யுங்கள். கூலி வேலைக்குப் போகிறவர் ஒரு நாள் சம்பளத்தை விட்டு நாயோடு கால்நடை ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார். கால்நடை மருத்துவரிடம் பேசி, ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் முற்றத்திலேயே ஊசி போட ஏற்பாடு செய்யுங்கள். தடையால் நாய் குறையாது, ஒளிந்துகொள்ளும். ஒளித்து வளர்க்கும் நாய்க்கு யாரும் ஊசி போடுவதில்லை.

கேள்வி: லைசென்ஸ் எங்கே வாங்குவது?

பதில்: பஞ்சாயத்து அலுவலகத்தில். ரேபிஸ் ஊசிச் சான்றைக் கையில் கொண்டுபோங்கள். முதல் ஊசி மூன்று மாதக் குட்டிக்கு, அப்புறம் டாக்டர் சொல்கிறபடி வருஷா வருஷம்.

கேள்வி: மூணாறில் எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கிறோம். எங்கள் நாயை எந்நேரமும் கட்டியே வைத்திருக்கிறோம், ஆனாலும் பக்கத்து வீட்டுப் பிள்ளைமேல் பாய்கிறது.

பதில்: எந்நேரமும் கட்டியே வைப்பதாலும் அப்படிப் பாயலாம் தம்பி. காலையும் மாலையும் நடக்கக் கூட்டிப் போங்கள், கருத்தடையும் செய்துவிடுங்கள். பிள்ளைக்குக் கீறலோ கடியோ பட்டால், ஊசி போட்ட நாய்தானே என்று இருக்காதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.