மைனஸ் இருபதிலும் வெளியே போகலாம்: சிறு பிள்ளைகளின் பெற்றோருக்குக் கேள்வி பதில்

வினிபெக் நகரில் ஒரு குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் ஆசிரியையாக இருக்கிறேன். என் வகுப்பில் இரண்டு முதல் நான்கு வயது வரையான பிள்ளைகள். நவம்பரில் விழும் பனி பல ஆண்டுகளில் ஏப்ரல் வரை தரையில் கிடக்கும் ஊர் இது. இவ்வளவு நீண்ட குளிர்காலத்தில் சிறு பிள்ளைகளோடு சந்தோஷமாக இருக்க வழி உண்டா என்று பலர் கேட்டிருந்தீர்கள். உண்டு. அனுப்பிய கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன். மருந்து, விசா, வாடகை பற்றி என்னிடம் கேட்க வேண்டாம்.

எட்மன்டனிலிருந்து ஒரு தாய்: மதுரையிலிருந்து வந்து இது முதல் குளிர்காலம். மகளுக்கு மூன்று வயது. எத்தனை டிகிரி வரை வெளியே அழைத்துப் போகலாம்? உடை உடுத்துவதற்குள்ளேயே இருவரும் அழுதுவிடுகிறோம்.

வெப்பநிலை மைனஸ் 25க்குக் கீழே போனாலோ, காற்றையும் சேர்த்து உடம்பு உணரும் குளிர் மைனஸ் 28ஐத் தொட்டாலோ பிள்ளைகளை உள்ளேயே வைத்திருங்கள் என்கிறது கனடியக் குழந்தை மருத்துவர் சங்கம். தொலைபேசியில் வானிலை பார்க்கும்போது அந்த இரண்டாவது எண்ணைத்தான் பார்க்க வேண்டும். காற்றே இல்லாத, வெயிலடிக்கும் மைனஸ் 18 அருமையான நாள். பலத்த காற்று வீசும் மைனஸ் 10 அதைவிட மோசம்.

இனி உடை. நீங்கள் உடுத்திவிடுவதால்தான் அழுகை. அவளே உடுத்தட்டும். மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு நாங்கள் கற்றுக்கொடுக்கும் வித்தை இது. ஜாக்கெட்டைத் தரையில் விரித்து, திறந்த பக்கம் மேலே தெரியுமாறு வையுங்கள். தொப்பிப் பகுதி பிள்ளையின் கால்விரல்களுக்கு அருகில் இருக்க வேண்டும். அவள் குனிந்து இரண்டு கைகளையும் சட்டைக்கைகளுக்குள் நுழைத்து, அப்படியே தலைக்கு மேலே தூக்கிப் பின்னால் போட்டால் ஜாக்கெட் ஏறிவிடும். முதல் தடவை சரியாக வந்ததும் அந்த முகத்தைப் பாருங்கள். வெளியே போகாவிட்டாலும் அன்றைய பொழுதுக்கு அது போதும்.

வரிசையும் முக்கியம். முதலில் கழிப்பறை. பிறகு ஸ்னோ பேண்ட், பூட்ஸ், ஜாக்கெட், தொப்பி. கையுறை கடைசி, ஏனென்றால் அதை மாட்டிய பிறகு பிள்ளையால் வேறு எதுவும் செய்ய முடியாது. ஐந்து விரலும் தனித்தனியாக உள்ள கையுறை வேண்டாம், விரல்கள் ஒன்றாக இருப்பதே சூடு. உடம்பை ஒட்டிப் பருத்தி கூடாது, காலுறையும் பருத்தியில் கூடாது. வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே இருக்கும், அந்த ஈரம் குளிரை உள்ளே கொண்டுவரும். கம்பளி அல்லது செயற்கை இழை வாங்குங்கள். கழுத்தில் சால்வை சுற்றவே சுற்றாதீர்கள். சறுக்குமரத்தில் மாட்டிக் கழுத்தை இறுக்கும். தலைவழியே மாட்டும் கழுத்துறை எல்லாக் கடையிலும் கிடைக்கிறது.

போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பி வந்தாலும் போனதுதான்.

பிராம்ப்டனிலிருந்து ஓர் அப்பா: பனியில் விளையாடினால் சளி பிடிக்காதா? என் அம்மா விடவே மாட்டேன் என்கிறார்.

சளி வைரஸால் வருகிறது. அந்த வைரஸ் சன்னல் சாத்திய அறையில், ஒரே பொம்மையை வாயில் வைக்கும் பிள்ளைகளிடையேதான் சுகமாகப் பரவுகிறது. குளிர்காற்றில் மூக்கு ஒழுகுவது வேறு; உள்ளே வந்ததும் நின்றுவிடும். அம்மாவிடம் வாதாடாதீர்கள். அவரையும் நல்ல பூட்ஸ் போட்டு அழைத்துப் போங்கள்.

ரெஜைனாவிலிருந்து: பனிமனிதன் செய்யவே முடியவில்லை. மாவு மாதிரி உதிர்கிறது. பையன் ஏமாந்துபோகிறான்.

நீங்கள் பிழையான நாளில் முயல்கிறீர்கள். பனி ஒட்ட அதில் கொஞ்சம் ஈரம் வேண்டும். 0 டிகிரியை ஒட்டிய நாளில் பிடித்தால் உருண்டை நிற்கும். மைனஸ் 20இல் அது உலர்ந்த மணல். ஆகவே ஒட்டாத பனிக்கு ஏற்ற விளையாட்டைத் தேடுங்கள்.

என் வகுப்புக்கு மிகவும் பிடித்தது கோலம். கெச்சப் புட்டியில் நீரும் சமையல் வண்ணமும் கலந்து கொடுத்துவிட்டால், பிள்ளைகள் பனியின் மேல் கோடு இழுத்துக்கொண்டே போவார்கள். அரிசிமாவு வெள்ளையில் தெரியாது. சிவப்பும் நீலமும் எடுப்பாகத் தெரியும். மஞ்சள் மட்டும் வேண்டாம், அக்கம்பக்கத்தார் நாயைச் சந்தேகிப்பார்கள்.

இரண்டாவது, பனி விளக்கு. ஒரு வாளி நிறையத் தண்ணீரை இரவில் வெளியே வையுங்கள். மேற்பரப்பும் பக்கங்களும் முதலில் உறையும், நடு நீராகவே இருக்கும். காலையில் வாளியைக் கவிழ்த்து, அடிப்பக்கப் பனியை உடைத்து உள்ளிருக்கும் நீரை ஊற்றிவிட்டால் கண்ணாடிக் குடம்போல் ஒன்று கிடைக்கும். மாலை நாலரைக்கே இருட்டிவிடும் டிசம்பரில் அதற்குள் மெழுகுதிரி ஏற்றுங்கள். பலூனில் நீர் நிரப்பி உறையவைப்பதை எங்கும் பார்த்திருப்பீர்கள். எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளை இருக்கும் வீட்டில் அதைச் செய்யாதீர்கள். கிழிந்த பலூன் துண்டு தொண்டையை அடைக்கும். தயிர் டப்பா போதும்.

மைனஸ் 15க்குக் கீழே சோப்புக் குமிழி ஊதிப் பாருங்கள். மெதுவாக ஊத வேண்டும். கையுறைமேல் வந்து அமர்ந்ததும் அதன் தோலில் பூவேலைபோல் பனி படரும். பிறகு சத்தமில்லாமல் கசங்கும். நாலு வயதுப் பிள்ளைகள் அப்போது பேசாமல் இருப்பார்கள். என் தொழிலில் அது அரிய காட்சி.

காதையும் பழக்குங்கள். கடுங்குளிரில் பூட்ஸுக்கு அடியில் பனி கிறீச்சிடும், குளிர் குறைந்தால் அந்தச் சத்தம் போய்விடும். என் பிள்ளைகள் வெப்பமானி பார்ப்பதில்லை. வாசலில் இரண்டடி வைத்துக் கேட்டுவிட்டு, இன்று கடுங்குளிர் என்கிறார்கள்.

கால்கரியிலிருந்து: கொதிக்கும் நீரை மேலே வீசினால் புகையாகிவிடுமாமே? பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

கூடாது. காற்று திரும்பினால் முகத்தில் விழும்.

மிசிசாகாவிலிருந்து: பொங்கலன்று பிள்ளைகளுக்காக வெளியே பொங்கல் வைக்க ஆசைப்பட்டோம். குப்பி மாட்டும் சின்ன காஸ் அடுப்பு எரியவே இல்லை. உள்ளே வைத்து முடித்தோம். வெளியே வைக்க வழியே இல்லையா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். உங்கள் அடுப்பில் பழுது இல்லை. அந்தச் சிறு குப்பிகளில் பெரும்பாலும் பியூட்டேன் இருக்கும். அது ஏறக்குறைய 0 டிகிரியில்தான் ஆவியாகும். அதற்குக் கீழே குப்பிக்குள் திரவமாகவே கிடக்கும், பிறகு எப்படி எரியும்? புரோப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும். ஆகவே முகாம்களில் பயன்படுத்தும் புரோப்பேன் அடுப்பு வாங்குங்கள். மைனஸ் 30ஐ நெருங்கினால் அதுவும் சோர்ந்துதான் எரியும்.

அடுத்தது பானை. மண்பானை வேண்டாம். ஈரம் உறிஞ்சிய மண் குளிரில் உறைந்து, தீ பட்டதும் வெடிக்கும். வாய் குறுகிய எவர்சில்வர் பானையில் கழுத்துக்குச் சற்றுக் கீழே வரை பால் ஊற்றுங்கள். அடுப்பைச் சுற்றிக் காற்றுத் தடுப்பு வையுங்கள். கொதி வரும்வரை பாதி மூடுங்கள், வந்ததும் திறந்துவிடுங்கள். குளிர்காற்று நுரையை அமுக்கப் பார்க்கும், அதனால்தான் கழுத்துவரை நிரப்பச் சொல்கிறேன்.

அடுப்பைக் கராஜுக்குள் வைக்கக் கூடாது, கதவு திறந்திருந்தாலும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. அடுக்குமாடிப் பால்கனியிலும் வேண்டாம், பெரும்பாலான கட்டடங்களில் அனுமதியும் இல்லை.

இந்த ஊர்ப் பொங்கலில் ஒரு வசதி இருக்கிறது. ஜனவரி 14இல் வினிபெக்கில் சூரியன் உதிக்கக் காலை எட்டேகால் தாண்டிவிடும். எந்தப் பிள்ளையையும் தூக்கத்திலிருந்து எழுப்ப வேண்டாம். வானம் தெளிந்த கடுங்குளிர்க் காலை என்றால், காற்றில் மிதக்கும் பனிப்பளிங்குகளில் ஒளி விலகி, தாழ நிற்கும் சூரியனுக்கு இருபுறமும் இரண்டு குட்டிச் சூரியன்கள் தெரியும். எப்போதும் வரும் என்று சொல்ல மாட்டேன். வந்தால் மூன்று சூரியனுக்குப் பொங்கல்.

ஸ்காபரோவிலிருந்து ஒரு தாத்தா: தங்கச்சி, மண்பானை இல்லை, விறகு இல்லை, காஸ் அடுப்பில் எவர்சில்வர் பானை. இதற்குப் பெயர் பொங்கலா? ஊரில் முற்றம் மெழுகிக் கோலம் போட்டு வைத்தோம்.

ஐயா, முற்றம் மெழுகச் சாணம் எங்கே என்று நீங்களே சொல்லுங்கள். கோலத்துக்கு வழி மேலே சொல்லிவிட்டேன். விறகில்தான் வேண்டுமென்றால் வினிபெக்கிலும் குளிர்காலத்தில் விறகெரிக்கும் இடமுள்ள பூங்காக்கள் உண்டு. அங்கே போய் வைக்கலாம். பானையைப் பற்றி உங்களோடு சண்டையிட மாட்டேன். வீட்டுக்குள் சூடான இடத்தில் வைத்திருந்த மண்பானையில், வெதுவெதுப்பான பாலை ஊற்றி, சிறு தீயில் ஆரம்பித்தால் தப்பக்கூடும். தப்பாவிட்டால் பேரப்பிள்ளைகளின் அழுகைக்கு நீங்கள்தான் பொறுப்பு.

வான்கூவரிலிருந்து: அறுவடைத் திருநாளைப் பனிக்குவியலில் நின்று கொண்டாடுவதில் என்ன அர்த்தம்? கனடாவில் அறுவடை இலையுதிர்காலத்திலேயே முடிந்துவிடுகிறதே.

அர்த்தம் இல்லைதான். மழை மட்டும் பார்க்கும் வான்கூவரில் இருந்துகொண்டு இதைக் கேட்பது எளிது. இங்கே டிசம்பர் 21ஆம் தேதி பகல் எட்டு மணி நேரம்தான். ஜனவரி நடுவில் அது சற்று நீண்டிருப்பது பிள்ளைகளுக்கே தெரியும்: பராமரிப்பு நிலையத்திலிருந்து அம்மா கூட்டிப்போகும்போது வானத்தில் இன்னும் வெளிச்சம் இருக்கும். இருட்டிலேயே வீடு திரும்பிய பிள்ளை அதைக் கவனிக்கிறது, விரல் நீட்டிக் காட்டுகிறது. சூரியனுக்கு நன்றி சொல்ல நெல் கட்டாயமா?

மீண்டும் ஸ்காபரோ தாத்தா: தங்கச்சி சொன்னது சரி. ஆனால் பானை மண்பானைதான்.

சரி ஐயா.

ஒட்டாவாவிலிருந்து: பொங்கலை விட்டுவிட்டுக் குளிர்காலத்துக்கு வாருங்கள் அக்கா. பனியில் விட்டால் சளி பிடிக்குமா?

பிராம்ப்டன் அப்பாவுக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

லண்டன், ஒன்டாரியோவிலிருந்து: குழந்தைக்கு எட்டு மாதம். தடித்த பனி ஜாக்கெட்டோடு கார் இருக்கையில் பூட்டலாமா?

கூடாது. விபத்தில் ஜாக்கெட்டின் பஞ்சு அமுங்கி வார் தளர்ந்துவிடும். மெல்லிய உடையோடு பூட்டுங்கள், வாரின் மேல் போர்வை போர்த்துங்கள். காரை முன்கூட்டியே சூடாக்குவதானால் கராஜிலிருந்து வெளியே எடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

வைட்டமின் டி எவ்வளவு கொடுக்க வேண்டும்?

மருத்துவரிடம் கேளுங்கள்.

வினிபெக்கிலிருந்து ஒரு தாய்: பதினான்காம் மாடியில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறேன். கணவர் இரவு வேலை முடித்துப் பகலில் உறங்குவார். நாலரைக்கு இருட்டியதும் எனக்கு அழுகை வருகிறது. மகிழ்ச்சி என்று நீங்கள் சொல்வதெல்லாம் வெகு தூரமாகத் தெரிகிறது.

உங்களுக்குப் பனி விளக்குச் செய்யச் சொல்ல மாட்டேன். இந்த அழுகை வாரக்கணக்கில் தொடர்ந்தால், உறக்கமும் பசியும் கெட்டால், குடும்ப மருத்துவரிடம் சொல்லுங்கள். குளிர்காலச் சோர்வு உண்மையான நோயாகவும் இருக்கும், அதற்கு மருத்துவம் உண்டு.

இதற்கிடையில் இரண்டு காரியங்கள். வெளியே போவதை மாலைக்கு ஒத்திவைக்காதீர்கள். வெளிச்சம் இருக்கும் நண்பகலில் போங்கள். இங்கே குளிர்காலம் கொடுமையானது, ஆனால் வானம் பல நாள் நீலமாகத்தான் இருக்கும். முடியாத நாளில் ஒரு பெரிய பாத்திரம் நிறையப் பனியை மேலே எடுத்து வந்து சமையலறைத் தரையில் துண்டு விரித்து வையுங்கள். கரண்டியும் கிண்ணமும் கொடுங்கள், அது உருகும்வரை ஒரு தேநீர் குடித்துவிடலாம். கணவரும் உறங்கட்டும்.

வாரத்தில் ஒரு நாள் கூரைக்குக் கீழே மனிதர்கள் இருக்கும் இடத்துக்குப் போங்கள். பொது நூலகத்தில் கதை நேரம் இலவசம். அங்கே வரும் மற்ற அம்மாக்களும் உங்களைப்போலத்தான் வீட்டைவிட்டு ஓடிவந்திருப்பார்கள். அசினிபொயின் பூங்காவில் 2022 இறுதியில் திறந்த ‘தி லீஃப்’ என்ற கண்ணாடித் தாவரக்கூடம் இருக்கிறது. டிக்கெட் வாங்க வேண்டும், ஆனால் உள்ளே வெப்பநாட்டுச் செடிகளும் அருவியும் ஈரக்காற்றும் இருக்கும். ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு அந்த ஈர மணத்தை இழுத்து நில்லுங்கள். பிப்ரவரியில் செயின்ட் போனிஃபேஸில் 1970 முதல் நடக்கும் ‘ஃபெஸ்டிவல் டு வொயாஜர்’ விழா வரும். கொதிக்கக் காய்ச்சிய மேப்பிள் பாகைப் பனியில் ஊற்றிக் குச்சியில் சுற்றித் தருவார்கள். பெரிய பிள்ளைக்கு அது பிடிக்கும்.

அதே நகரிலிருந்து: ஆற்றுப் பனிப்பாதையில் சறுக்கப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

‘ஃபோர்க்ஸ்’ பகுதியில் பாதை திறந்ததாக அறிவித்த பிறகு தாராளமாக. அதற்கு முன் ஆற்றில் கால் வைக்காதீர்கள். சில ஆண்டுகளில் மிகத் தாமதமாகத் திறக்கும். ஹெல்மெட் கட்டாயம். தெருவோரம் இயந்திரம் ஒதுக்கிய பனிக்குவியலில் சுரங்கம் தோண்ட விடாதீர்கள், இடியும். ஓட்டுநருக்குப் பிள்ளை தெரியாது. கழுத்தில் சால்வை வேண்டாம் என்று ஏற்கனவே சொன்னேன், இன்னொரு முறையும் சொல்கிறேன்.

சாஸ்கடூனிலிருந்து: பனியில் விளையாடிவிட்டு வந்ததும் தலைக்கு ஊற்றினால் சளி...

அடுத்த கேள்வி.

மீண்டும் மிசிசாகாவிலிருந்து: அந்தப் பியூட்டேன் குப்பியை வெந்நீரில் வைத்துச் சூடாக்கிவிட்டு அடுப்பில் மாட்டலாமா? புது அடுப்பு வாங்க வேண்டாம் பாருங்கள்.

வேண்டாம். குப்பியைச் சூடாக்கவே கூடாது. காருக்குள் வைத்து எரித்துப் பார்க்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள், அதுவும் கூடாது. புரோப்பேன் அடுப்பை வாங்குங்கள், கோடையில் முகாமுக்கும் உதவும். காலை ஏழு மணிக்கு நிலையத்தைத் திறக்க வேண்டும், மீதிக் கேள்விகளை அடுத்த வாரம் பார்க்கிறேன்.