முதலில் பாசியைப் பாருங்கள், அப்புறம் லூர்

டாலஸ் சுற்றுவட்டார வாசகர்களின் தூண்டில் கேள்விகளுக்கு இந்த மாதமும் பதில் சொல்கிறேன். தை பிறந்தால் போதும், கடிதங்கள் குவிந்துவிடும். யார் எழுதினாலும் கேட்பது ஒன்றைத்தான்: பெரிய பாஸ் மீன்.

அண்ணா, லூர் (செயற்கை இரை) மட்டும் ஒரு பெட்டி நிறைய வைத்திருக்கிறேன். லேக் ஃபோர்க் ஏரி வரை போனாலும் ஒரு சாணுக்கு மேல் இல்லாத மீன்தான் மாட்டுகிறது. பெரிய பாஸுக்கென்று தனியாக எந்த லூர் வாங்க வேண்டும்? (ஃபிரிஸ்கோ வாசகர்)

தம்பி, கொஞ்ச நாளைக்கு எதுவும் வாங்காதீர்கள். நீங்கள் லூரிலிருந்து தொடங்குகிறீர்கள். நான் அதைக் கிட்டத்தட்ட கடைசியில் வைப்பேன். மீன் எங்கே நிற்கிறது என்பது முதல் கேள்வி. அங்கிருந்து அதை வெளியே இழுத்து வர எவ்வளவு தடித்த தூண்டில் நரம்பு வேண்டும் என்பது அடுத்தது. அந்த நரம்புக்கு ஏற்ற ராட் (தூண்டில் கழி), அந்த ராட் சிரமமில்லாமல் வீசக்கூடிய எடையில் ஒரு லூர். நிறத்தைப் பற்றி யோசிப்பது இதற்கெல்லாம் பிறகு.

லேக் ஃபோர்க்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1980இல் தண்ணீர் தேக்கியபோது நிலத்தில் இருந்த மரங்களில் பெரும்பகுதியை வெட்டாமல் அப்படியே விட்டார்கள். ஏரி நிரம்பும் முன்பே ஃபுளோரிடா இனப் பாஸையும் விட்டு வளர்த்தார்கள். மற்ற பாஸைவிடப் பெரிதாக வளரும் இனம் அது. ஆக, இந்த ஏரியில் பெரிய மீனும் உண்டு, அது ஓடி ஒளிய மரமும் பாசியும் உண்டு. மெல்லிய நரம்பைக் கட்டிக்கொண்டு போனால் கடிக்கிற பெரிய மீன்கூட இரண்டே நொடியில் ஒரு மரக்கிளையைச் சுற்றிவிட்டு அறுத்துக்கொண்டு போய்விடும். சின்னது மட்டும்தான் கரைக்கு வரும். உங்கள் கையில் சாண் மீனாகவே வருவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்னொன்று. பெரிய பாஸ் என்றால் ஏறக்குறைய எப்போதும் பெண்மீன்தான். ஆண் 4, 5 பவுண்டைத் தாண்டுவது அரிது. அந்தப் பெண்மீன்கள் முட்டையிட ஆழத்திலிருந்து ஆழம் குறைந்த இடத்துக்கு வரும் காலம் பிப்ரவரி, மார்ச். தண்ணீர் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டி 60ஐ நெருங்கும்போது, ஓடை வாய்களிலும் ஹைட்ரில்லா பாசியின் ஓரத்திலும் வந்து நிற்கும். உடம்பில் எடையும் அப்போதுதான் அதிகம். வருஷத்தில் ஒரே ஒரு வாரம் லீவு கிடைக்கும் என்றால் அதை அங்கே போடுங்கள்.

அந்த நேரத்துக்கு நான் கட்டுவது அரை அவுன்ஸ் சிவப்பு லிப்லெஸ் கிராங்க்பெயிட். மீன் வடிவில், முன்னால் தகடு இல்லாமல், உள்ளே குண்டு குலுங்குமே, அந்த லூர்தான். மூழ்கிக் கிடக்கும் பாசிக்கு மேலாக வீசி, லூர் பாசியின் நுனியைத் தொடும் வேகத்தில் சுற்றுங்கள். பாசியில் மாட்டினால் பயப்படாமல் ராடை வெடுக்கென்று ஒரு சுண்டு. பாசியிலிருந்து லூர் பிய்ந்து கிளம்பும் அந்தக் கணத்தில்தான் கடி விழும். மாட்டாமல் சுலபமாக வந்துகொண்டே இருந்தால் நீங்கள் தவறான இடத்தில் வீசுகிறீர்கள், அல்லது ரொம்ப வேகமாகச் சுற்றுகிறீர்கள்.

மரத்தடியில் வேறு கதை. மூன்று முள் உள்ள எந்த லூரும் அங்கே மாட்டிக்கொண்டு போய்விடும். முள்ளுக்கு முன்னால் தடுப்பு மயிர் உள்ள அரை அவுன்ஸ் ஜிக் (கனமான தலையோடு சேர்த்து வார்த்த ஒற்றை முள் லூர்), கறுப்பும் நீலமும் கலந்தது, அடிமரத்தை ஒட்டிச் செங்குத்தாக இறக்குங்கள். கோடையில் மீன் 20 அடி, அதற்கும் கீழே போய்விடும். அப்போது 10 அங்குல பிளாஸ்டிக் புழுவை டெக்சஸ் ரிக்காகக் கட்டலாம். முள்ளின் நுனி புழுவுக்குள்ளேயே புதைந்திருப்பதால் மரம், பாசி எதிலும் சிக்காது. இந்த பிளாஸ்டிக் புழுவே நம் பக்கத்து ஊர்க்காரர்தான் ஒரு வகையில்: ஒஹாயோவில் நிக் கிரீம் என்பவர் மனைவியோடு 1949இல் வீட்டு அடுப்பில் காய்ச்சி வார்த்த சரக்கு. கம்பெனி பிறகு டெக்சஸில் டைலர் நகரத்துக்கு வந்து சேர்ந்தது.

ஆக லிப்லெஸ் ஒன்று, ஜிக் ஒன்று, புழு ஒரு பாக்கெட். பெட்டியில் மீதி இருப்பதை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். கையில் பத்து இருந்தால் பத்தையும் மாற்றி மாற்றிக் கட்டுவதிலேயே காலை போய்விடும்.

பெரிய லூர் போட்டால்தான் பெரிய மீன் வரும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நிஜ மீன் போல நீந்தும் 8 அங்குல ஸ்விம்பெயிட் லூர் வாங்கலாமா? விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. (ஆலன் வாசகர்)

அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. பெரிய பாஸ், கையகல ஷாட் மீனையும் புளூகில் என்ற சின்ன ஏரி மீனையும் ஒரே வாயில் விழுங்கும். ஷாட் என்பது நம் மத்தியின் உறவுக்கார மீன். அதனால் பெரிய லூருக்குச் சின்ன மீன்களின் தொல்லை குறையும். ஆனால் நாள் முழுக்க ஒரு கடிகூட இல்லாமல் நிற்கும் பொறுமை உங்களுக்கு இருக்கிறதா? அதற்கென்று தனி ராடும் வேண்டும். சாதாரண ராடில் 3, 4 அவுன்ஸ் லூரை வீசினால் நுனி முறியும்.

சாதனை மீன்களின் கதையைக் கேட்டால் உங்கள் நண்பர்கள் கொஞ்சம் அடங்குவார்கள். ஜார்ஜியாவில் 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜ் பெர்ரி பிடித்த பாஸ் 22 பவுண்டு 4 அவுன்ஸ், நம் கணக்கில் 10 கிலோவுக்குச் சற்று மேல். அவரிடமும் கூட வந்தவரிடமும் சேர்த்து ஒரே ஒரு லூர்தான் இருந்ததாகச் சொல்வார்கள். அந்த எடையை எட்ட 77 வருஷம் ஆனது. ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா 2009 ஜூலை 2 அன்று பிடித்தது ஒரு அவுன்ஸ் கூடுதலாகக்கூட இல்லை. பழைய சாதனையை முறியடிக்க 2 அவுன்ஸாவது கூடுதல் வேண்டும் என்பது விதி, அதனால் இருவரும் சமம் என்று எழுதிவிட்டார்கள். அவர் போட்டது லூரே அல்ல, உயிருள்ள புளூகில்.

நம் டெக்சஸ் சாதனை இதைவிட வேடிக்கை. பேரி செயின்ட் கிளேர் 1992 ஜனவரி 24 அன்று லேக் ஃபோர்க்கில் க்ராப்பி பிடிக்கப் போனவர். க்ராப்பி என்பது தட்டில் நாலு வைக்கலாம் போன்ற சின்ன மீன். அதற்காகப் போட்ட பொடிமீன் இரையில் வந்து மாட்டியது 18.18 பவுண்டு பாஸ்.

ஸ்விம்பெயிட் வாங்கத்தான் வேண்டும் என்றால் 5 அங்குலம் போதும். மென்மையான உடம்பு, ஒற்றை முள்.

பெயிட்காஸ்டர் ரீல் வாங்கினேன். வீசும் ஒவ்வொரு தடவையும் நரம்பு சிடுக்காகிறது. பேசாமல் ஸ்பின்னிங் ரீலுக்கே திரும்பிவிடலாமா? (இர்விங் வாசகர்)

திரும்ப வேண்டாம். பாசிக்குள்ளிருந்து பெரிய மீனை இழுக்கும் வேலைக்கு, வீசும்போது நரம்பு சுற்றிய உருளையே சுழலும் பெயிட்காஸ்டர்தான் சரி. வேலையைப் புல்வெளியில் ஆரம்பியுங்கள். அரை அவுன்ஸ் ஈயக்குண்டைக் கட்டி, ராடைக் கிடையாகப் பிடித்துக்கொண்டு ரீலின் பொத்தானை அழுத்துங்கள். குண்டு தடதடவென்று விழுந்தால் பக்கத்திலுள்ள திருகை இறுக்குங்கள். மெதுவாக இறங்கி, தரையைத் தொட்டதும் அந்த உருளை, அதாவது ஸ்பூல், தானாக நிற்க வேண்டும். பிரேக்கை முதலில் முக்கால் பங்கில் வையுங்கள். வீசியபின் கட்டைவிரல் ஸ்பூலை ஒட்டியே இருக்கட்டும், லூர் தண்ணீரைத் தொடும் முன்பே அழுத்தி நிறுத்துங்கள். லூர் நின்ற பிறகும் ஸ்பூல் சுற்றினால் சிடுக்குத்தான், வேறு மாயம் ஒன்றும் இல்லை. எதிர்க்காற்றில் வீசாதீர்கள். கால் அவுன்ஸுக்குக் கீழான லூரையும் இதில் வீசாதீர்கள், அதற்குத்தான் ஸ்பின்னிங்.

ராட் 7 அடி, மீடியம் ஹெவி, ஃபாஸ்ட் ஆக்‌ஷன். அதாவது ஓரளவு விறைப்பான கழி, நுனிப் பக்கம் மட்டும் வளையும். ஒரே ராடுதான் வாங்க முடியும் என்றால் இதுவே. ரீல் 7:1 அளவில் இருக்கட்டும், கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் ஸ்பூல் ஏழு சுற்று. மீன் உங்களை நோக்கி ஓடி வரும்போது தொய்வை எடுக்க அந்த வேகம் வேண்டும். ராடையும் ரீலையும் சேர்த்து 150 டாலருக்குள் நல்லதே கிடைக்கும். அதற்கு மேல் கொடுப்பது உங்கள் மகிழ்ச்சிக்கு.

மோனோ, ஃபுளோரோகார்பன், பின்னல் நரம்பு, மூன்றில் எது? (லூயிஸ்வில் வாசகர்)

பின்னலுக்கு இழுபடும் தன்மை கிட்டத்தட்ட இல்லை. 65 பவுண்டு பின்னல் 16 பவுண்டு மோனோவின் பருமன்தான் இருக்கும், பாசித் தண்டையே அறுத்துக்கொண்டு வரும். அடர்ந்த பாசிக்கு அது. ஜிக்குக்கும் புழுவுக்கும் 17 பவுண்டு ஃபுளோரோகார்பன். அது தண்ணீரில் மூழ்கும், கண்ணுக்கும் அவ்வளவாகத் தெரியாது. மோனோ என்பது ஒற்றை இழை நைலான், மெதுவாகத்தான் மூழ்கும், ஆகவே மேற்பரப்பில் ஓட்டும் லூர்களுக்கு அது நல்லது. நம்ம ஊர்க் குளத்தில் தங்கூசி என்று சொன்னோமே, அதேதான்.

முடிச்சைப் பாலோமர் போடுங்கள். இறுக்கும் முன் எச்சிலோ தண்ணீரோ தொட்டு நனையுங்கள், ஃபுளோரோகார்பன் உரசல் சூட்டில் பலம் போய்விடும்.

மீன் நிறம் பார்க்குமா, சார்? (கரோல்டன் வாசகர்)

பார்க்கும். பாஸின் கண் சிவப்பையும் பச்சையையும் நன்றாகப் பிரித்தறியும். நீலத்தையும் கறுப்பையும் குழப்பிக்கொள்ளும். தெளிந்த நீரில் பச்சையும் பழுப்பும், கலங்கலில் கறுப்பு. வசந்தத்தில் சிவப்பு எடுபடுவது, பாஸ் தின்னும் கிராஃபிஷ் (இறால் போன்ற நன்னீர்ப் பிராணி) சிவக்கும் பருவம் என்பதால்தான் என்று ஏரிக்காரர்கள் சொல்வார்கள். இதற்கு மேல் யோசித்தால் கடைக்காரருக்குத்தான் லாபம்.

இவ்வளவு பெரிய மீனைப் பிடித்துவிட்டுத் தண்ணீரிலேயே விடுகிறார்களே, மனசு ஒப்பவில்லை. குழம்பு வைத்தால் என்ன? (மெக்கினி வாசகி)

அக்கா, குழம்பு வையுங்கள், சின்னதை. லேக் ஃபோர்க்கில் 16 அங்குலத்துக்குக் குறைவானதை எடுத்துப் போகலாம். 16 முதல் 24 அங்குலம் வரை உள்ளதைக் கட்டாயம் விட வேண்டும். ஒரு நாளைக்கு மொத்தம் ஐந்து, அதில் 24 அங்குலமோ அதற்கு மேலோ ஒன்றுதான் இருக்கலாம். ருசியும் சின்னதில்தான். புளிக்குழம்பைவிட மிளகாய்த்தூள் தடவிப் பொரித்தால் நன்றாக இருக்கும் என்பது என் கட்சி. ஜார்ஜ் பெர்ரி வீட்டில் அந்த உலக சாதனை மீனையே சமைத்துச் சாப்பிட்டார்கள். பொருளாதார மந்தக் காலம், யார் குறை சொல்ல முடியும்?

ஆனால் இன்று பெரியதை விடுவதற்குக் காரணம் இருக்கிறது. 1986 நவம்பரில் மார்க் ஸ்டீவன்சன் என்ற மீன்பிடி வழிகாட்டி லேக் ஃபோர்க்கில் 17.67 பவுண்டு மீனைப் பிடித்து உயிரோடு கொடுத்தார். எத்தல் என்று பெயர் வைத்தார்கள். மிசௌரியில் ஒரு தொட்டியில் 1994 வரை வாழ்ந்தது. அதிலிருந்து தொடங்கியதுதான் ஷேர்லங்கர் திட்டம். ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை 13 பவுண்டுக்கு மேல் பிடித்தால் டெக்சஸ் வனவிலங்குத் துறை ஆளே வந்து வாங்கிப்போய், ஏதென்ஸ் நகரப் பண்ணையில் குஞ்சு பொரிக்க வைத்து, மீனைத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். உங்களுக்கும் வரும் தம்பிகளுக்கும் ஏரியில் பெரிய மீன் இருப்பது இப்படித்தான்.

படம் எடுக்கும்போது தாடையை மட்டும் பிடித்துத் தொங்கவிடாதீர்கள், அந்த எடைக்குத் தாடை தாங்காது. மறு கை வயிற்றுக்குக் கீழே. கையை முதலில் நனைத்துக்கொள்ளுங்கள்.

பையனுக்கு 12 வயது. லைசென்ஸ் வேண்டுமா? (பிளேனோ வாசகி)

17 வயதுக்குக் கீழே வேண்டாம். உங்களுக்கு வேண்டும், நீங்களும் தூண்டில் போட்டால். ஆனால் மாநிலப் பூங்காவுக்குள் கரையிலிருந்து பிடித்தால் யாருக்கும் தேவையில்லை. டைலர் மாநிலப் பூங்காவின் குட்டி ஏரியில் தொடங்குங்கள். பையனுக்கு பெயிட்காஸ்டர் வேண்டாம், ஒரு சின்ன ஸ்பின்னிங் செட், 5 அங்குல மென்புழு, எடை எதுவும் கட்டாமல். வீசிவிட்டுச் சும்மா விட்டாலே அது ஆடிக்கொண்டே இறங்கும்.

பாசிக்கு மேலே தவளை லூர் போட்டேன். தண்ணீர் வெடித்தது, உடனே இழுத்தேன், லூர் மட்டும் என் முகத்துக்கு நேரே பறந்து வந்தது. மூன்று தடவை இப்படி. (கார்லண்ட் வாசகர்)

சத்தத்துக்கு இழுத்திருக்கிறீர்கள். கனத்துக்குத்தான் இழுக்க வேண்டும். திருநெல்வேலிப் பக்கம் விராலுக்குத் தவளை போட்டவர்களைக் கேளுங்கள், வெடித்ததும் யாரும் கழியைத் தூக்க மாட்டார்கள். விரால் தவளையைக் கவ்விக்கொண்டு திரும்பட்டும் என்று விட்டுவிட்டுத்தான் தூக்குவார்கள். பாஸும் அப்படியே. ராட் நுனியைத் தண்ணீர்ப் பக்கம் தாழ்த்தி, தொய்வைச் சுற்றி எடுங்கள். மீனின் பாரம் கைக்குத் தெரிந்தபின் முழு பலத்தோடு மேல்நோக்கி ஒரே இழுப்பு, பிறகு நிறுத்தாமல் சுற்றுங்கள். அரை நொடி நிறுத்தினாலும் தலையைப் பாசிக்குள் புதைத்துவிடும். இதற்கு ராட் ஹெவியாக இருக்க வேண்டும், மீடியம் ஹெவி வளைந்துகொடுக்கும். முள்ளின் இரண்டு நுனிகளையும் குறடால் ஒரு மயிரிழை வெளிப்பக்கம் திறந்துவிடுங்கள். தவளையின் ரப்பர்க் கால்களையும் பாதியாகக் கத்தரியுங்கள், மீன் காலை மட்டும் கவ்விவிட்டுப் போவது குறையும்.